ஆல்ப்ஸ் மலையில் மோட்டார்ஹோம்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

மியூனிக்கிலிருந்து

வணக்கம். மோட்டார்ஹோம் எடுத்து ஆல்ப்ஸைச் சுற்ற வேண்டும் என்பது எங்கள் வீட்டில் வெகுநாள் ஆசை. இந்த முறை ஊரிலிருந்து மாமனார், மாமியாரும் வருகிறார்கள். பிள்ளைகள் இருவரையும் சேர்த்து ஆறு பேர். மாமனார் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போதே வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, தினமும் போனில் ஒரு கணவாயின் பெயரைச் சொல்லி விவரம் கேட்கிறார்.

மே கடைசியில் தொடங்கும் ஃபிங்ஸ்டன் பள்ளி விடுமுறையில் கிளம்புவதாகத் திட்டம். ஆஸ்திரியாவில் கிராஸ்கிளாக்னர், இத்தாலியில் டோலமைட்ஸ், ஸ்டெல்வியோ, ஸ்விஸ் கணவாய்கள், அப்புறம் பிரான்ஸுக்குள் நுழைந்து இசரான் வழியாக நீஸ் கடற்கரை. ஆறு படுக்கை உள்ள ஏழு மீட்டர் வண்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர் என்று கணக்கு வருகிறது. இது சரிப்படுமா? மலையில் நீங்கள் நேரில் பார்த்ததைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து

வணக்கங்க. ஆசை நல்ல ஆசை, கண்டிப்பாகப் போய் வாருங்கள். ஆனால் திட்டத்தைக் கிலோமீட்டரில் தொடங்காதீர்கள். முதலில் தேதி, அடுத்தது எடை, அப்புறம் இறக்கம். இந்த மூன்றும் சரியாக இருந்தால் தூரம் தானாக அமைந்துவிடும்.

இசரான் 2764 மீட்டர். ஆல்ப்ஸில் தார் போட்ட கணவாய்களில் அதுதான் உயரம். ஸ்டெல்வியோ 2757, ஸ்விட்சர்லாந்தின் ஃபுர்கா 2429. இங்கெல்லாம் குளிர்காலம் முழுக்கப் பாதை மூடித்தான் இருக்கும். பனியை வெட்டித் திறக்க மே கடைசி, ஜூன் என்று ஆகிவிடும், ஒவ்வொரு வருடமும் மாறும். ஃபிங்ஸ்டனில் போனால் பல இடங்களில் தடுப்புக் கம்பியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். உயரக் கணவாய்கள்தான் வேண்டும் என்றால் பவேரியாவின் கோடை விடுமுறை இருக்கிறதே, ஆகஸ்டில் போங்கள். செப்டம்பர் முதல் வாரம் இன்னும் நல்லது, கூட்டம் குறைந்திருக்கும்.

அடுத்தது எடை. சாதாரண பி வகை லைசென்ஸில் 3.5 டன் வரைதான் ஓட்டலாம். வாடகை வண்டிகள் பெரும்பாலும் அந்த வரம்புக்குள்தான் பதிவாகியிருக்கும். பதிவுச் சீட்டில் ஓட்டத் தயாரான எடை என்று ஒன்று போட்டிருப்பார்கள். அது 3020 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், மிச்சம் 480. ஓட்டுநருக்கு 75 கிலோ அதிலேயே சேர்ந்துவிடும். மற்ற ஐந்து பேர் 270 கிலோ என்றால் மீதி 210. வெயில் மறைப்பு, சைக்கிள்கள், அதை மாட்டும் கம்பி எல்லாம் சேர்ந்து நூறு கிலோவை எட்டும். துணிமணி, நாற்காலி, அரிசி, பருப்பு எல்லாம் மிச்சம் இருப்பதற்குள் அடங்க வேண்டும். இதில் தண்ணீர்த் தொட்டி வேறு. பல வண்டிகளில் ஓட்டத் தயாரான எடைக்கு 20 லிட்டர் தண்ணீரைத்தான் சேர்த்திருப்பார்கள். தொட்டியை நிரப்பினால் இன்னொரு ஆள் ஏறி உட்கார்ந்த எடை. ஆஸ்திரியாவிலும் ஸ்விட்சர்லாந்திலும் போலீஸார் வண்டியை ஓரம் கட்டி எடை போடுவார்கள். அதிகம் இருந்தால் அபராதம் மட்டுமல்ல, கூடுதல் சுமையை இறக்கினால்தான் நகர விடுவார்கள். எல்லாம் ஏற்றிய பிறகு ஒரு எடைமேடையில் நிறுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று, ஆறு படுக்கை என்றால் ஆறு இருக்கை என்று அர்த்தமில்லை. பெல்ட்டோடு பதிவான இருக்கை நான்குதான் உள்ள வண்டிகள் நிறைய. வாடகைக்காரரிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்.

இனி நான் பார்த்தது. கிராஸ்கிளாக்னர் சாலை 48 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவுகள், ஹோக்டோர் என்ற உச்சி 2504 மீட்டர். ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையிலும் அதே 36 வளைவுதான். அங்கே கியரைக் குறைத்து இறங்கச் சொல்லிப் பலகை வைத்திருப்பது எதற்கு என்று எனக்கு உறைத்தது ஆஸ்திரியாவில்தான். ஹைலிகன்ப்ளூட் பக்கம் இறங்கும்போது ஒரு திருப்பத்தில் டச்சு வண்டி ஒன்று நின்றிருந்தது. முன்சக்கரம் இரண்டிலும் புகை. அறுபது வயதுக்கு மேற்பட்ட தம்பதி. அந்த அம்மாவின் கையில் தண்ணீர்க் குடம், சக்கரத்தில் ஊற்றப் போனார். ஓடிப்போய்த் தடுத்தேன். அந்தச் சூட்டில் தண்ணீர் பட்டால் பிரேக் தட்டில் விரிசல் விழலாம். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு எல்லோரும் புல்லில் உட்கார்ந்தோம். பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது என்றார் வண்டி ஓட்டிய கணவர். பிரேக் எண்ணெய் நாளாக ஆகக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சூடேறினால் அந்த ஈரம் ஆவிக் குமிழாகி, மிதிக்கிற அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் பெடல் பழையபடி கெட்டியானது. அப்போதும் நான் முன்னால் முதல் கியரில் போக, அவர் என் பின்னாலேயே கீழே வந்து மெக்கானிக்கைப் பார்த்தார்.

மூன்றரை டன் வண்டியை இன்ஜின்தான் பிடித்து இறக்க வேண்டும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர், தேவைப்பட்டால் அதற்கும் ஒன்று குறைவு. ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிரேக்கை விடாமல் தேய்க்காமல், அழுத்தமாக ஒரு முறை மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடச் சொல்லுங்கள். பிரேக் எண்ணெய் எப்போது மாற்றியது என்றும் வாடகைக்காரரிடம் கேட்கலாம், தவறில்லை.

பேர்னிலிருந்து

தங்கச்சி, ஸ்டெல்வியோவை விடுங்கோ. பிராட்டோ பக்கத்தில் மட்டும் 48 வளைவு, ஏழு மீட்டர் வாகனத்துக்கு ஒவ்வொரு வளைவிலும் முழு றோட்டும் வேணும். எதிரே மோட்டார்சைக்கிள்காரர் வரிசையாக வருவினம். ஓடுறவருக்கும் நிம்மதி இல்லை, பக்கத்தில் இருக்கிறவருக்கும் இல்லை.

உங்கள் மாமா ரயில்வேக்காரர் என்றபடியால் ஒரு வழி சொல்லுறன். ஆஸ்திரியாவிலிருந்து ரெஷன் கணவாய் ஏறுங்கோ, 1500 மீட்டர்தான், வருசம் முழுக்கத் திறந்திருக்கும். அங்கே ஏரிக்குள்ளே ஒரு தேவாலயக் கோபுரம் மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கும். 1950இல் அணை நீரில் மூழ்கிய கிராமத்தின் மிச்சம். அதிலிருந்து எங்கடை எங்கடீன் பள்ளத்தாக்குக்கு வந்து பெர்னினா கணவாயில் ஏறினால் றோட்டும் தண்டவாளமும் ஒன்றாகவே போகும். சிவப்பு ரயில் பற்சக்கரம் இல்லாமல் 2253 மீட்டர் உயரத்துக்கு ஏறும். இறங்கினால் புரூசியோவில் ரயில் ஒரு வட்டப் பாலத்தில் சுற்றித் தன் பாதைக்கு அடியாலேயே போகும். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த பாதை இது. வாகனத்தைத் தரிப்பிடத்தில் விட்டிட்டு மாமாவை அந்த ரயிலில் ஏத்தி விடுங்கோ, நீங்கள் இத்தாலிப் பக்கம் இருக்கிற திரானோ நிலையத்தில் போய் அவரைப் பிடிக்கலாம்.

ஃபுர்காவில் எங்களுக்கு நடந்ததையும் சொல்லவேணும். கிளெட்ஷிலிருந்து ஏறிக்கொண்டிருக்கிறம், மேலே இருந்து மூன்று சுரத்தில் ஹோர்ன் கேட்டுது. மஞ்சள் தபால் பஸ். மலைத் தபால் பாதைகளில் நீல நிறப் பலகையில் மஞ்சள் ஊதுகுழல் போட்டிருக்கும். அந்தப் பாதையில் பஸ்சுக்குத்தான் முன்னுரிமை, பஸ் சாரதி சொல்லுறபடிதான் மற்றவை நடக்கவேணும், சட்டம் அது. அந்த மனுசன் கொஞ்சமும் அவசரப்படேல்லை. யன்னலைத் திறந்து, கையைக் கீழ்நோக்கி இரண்டு தரம் அசைத்தார். என்ரை மனுசி இறங்கிப் பின்னுக்கு நின்று கை காட்ட, நான் மெல்ல மெல்லப் பின்னுக்கு எடுத்து, மலைப் பக்கக் கண்ணாடியை மடக்கி, சுவரோடு ஒட்டி நிறுத்தினன். இடையில் ஒரு சாண் இருந்திருக்கும். பஸ் மெல்ல ஊர்ந்து போய், கடைசி யன்னல் எங்களைக் கடந்த பிறகு அவர் கையைத் தூக்கி நன்றி சொன்னார். அந்த ஒரு சாணுக்காகத்தான் சொல்லுறன்: மலையில் பின்னுக்கு எடுக்கப் பழகிக்கொண்டு வாங்கோ. ஒரு வெறும் தரிப்பிடத்தில் ஒரு பின்னேரம் முழுக்கப் பழகினாலும் வீண் இல்லை.

ஸ்விஸ் நெடுஞ்சாலை வில்லை, அதாவது வருசக் கட்டணச் சீட்டு, 3.5 தொன் வரை 40 பிராங், அடுத்த ஆண்டு ஜனவரி 31 வரை செல்லும். ஆஸ்திரியாவில் வில்லை வாங்கினாலும் பிரென்னர், தவர்ன் போன்ற இடங்களில் தனியாகக் கட்டணம் உண்டு.

பாரிஸிலிருந்து

வணக்கம் அக்கா. பிரான்ஸ் பக்கம் மோட்டார்ஹோமுக்கு மிகவும் ஒத்துழைக்கிற நாடு. சின்ன ஊர்களில்கூட தண்ணீர் பிடிக்க, கழிவு கொட்ட என்று ‘ஏர்’ எனப்படும் இடங்கள் இருக்கும். ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் முகாம் இடங்களுக்கு வெளியே தங்க முடியாது, ஸ்லோவேனியாவிலும் அப்படித்தான். ஜெர்மனியில் களைப்பு தீர ஒரு இரவு நிறுத்தித் தூங்கலாம். இது நாட்டுக்கு நாடு மாறும், கிளம்பும் முன்னே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சுங்கச் சாவடியில் உயரத்தைக் கவனியுங்கள். மூன்று மீட்டருக்குக் கீழே, 3.5 டன்னுக்குள் என்றால் இரண்டாம் வகுப்பு. மூன்று மீட்டரைத் தொட்டால் மூன்றாம் வகுப்பு, கட்டணம் கூடும். வாடகைக்கு எடுக்கும்போதே 2.9 மீட்டர் வண்டியைக் கேளுங்கள்.

ஜெனீவா ஏரிக் கரையில் தோனோனில் தொடங்கி நீஸ் வரை சுமார் 700 கிலோமீட்டர் ஓடும் மலைப்பாதைதான் நீங்கள் தேடுவது. இசரான் அதில்தான் இருக்கிறது. அங்கே சைக்கிள்காரர்கள் அதிகம். ஏறும்போது நமக்கு முன்னால் மூச்சு வாங்கி மெதுவாகப் போவார்கள், இறங்கும்போது நம்மைவிட வேகமாக வருவார்கள். வல் திசேர் ஊருக்கு மேலே ஒரு முதியவருக்குப் பின்னால் ஹோர்ன் அடிக்காமல் வெகுநேரம் போனேன். அகலமான இடம் வந்ததும் அவரே ஓரம் ஒதுங்கிக் கை காட்டினார். உச்சியில் சந்தித்தபோது எழுபத்திரண்டு வயது என்றார். அவருக்கு எங்கள் பிளாஸ்கிலிருந்து இஞ்சித் தேநீர் கொடுத்தோம். உங்களுக்குப் பின்னால் கார்கள் சேர்ந்தால் நீங்களும் அப்படி ஒதுங்கி விட்டுவிடுங்கள்.

பெரியவர்கள் வருவதால், உச்சியில் படுக்க வேண்டாம். மேலே பார்த்துவிட்டு இரவுக்குப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். பிரஷர், சர்க்கரை இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வியன்னாவிலிருந்து

ஆல்ப்ஸ் முடிந்து அடுத்த வருடம் ருமேனியா பக்கம் யாராவது நினைத்தால் அவர்களுக்காக இது. டிரான்ஸ்ஃபகரஷான் சாலை 1970இல் தொடங்கி நான்கே ஆண்டில் போட்டது, உச்சி 2042 மீட்டர். திறந்திருப்பது ஏறக்குறைய ஜூலை முதல் அக்டோபர் வரைதான். விட்ராரு அணைக்கு மேலே காட்டுக்குள் போகும்போது சாலையோரக் கல்சுவரில் ஒரு தாய்க் கரடி, பக்கத்தில் இரண்டு குட்டிகள். எங்களுக்கு முன்னால் போன காரின் ஜன்னலிலிருந்து பிஸ்கட் நீட்டுகிறார்கள். அது எழுந்து நின்று முன்னங்காலைக் கார்க் கதவில் வைத்தது. நாங்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிற்காமல் கடந்தோம். தீனி கொடுப்பது சட்டப்படி குற்றம். 2025 ஜூலையில் இதே சாலையில் ஒரு இத்தாலிய மோட்டார்சைக்கிள் பயணி கரடி தாக்கி இறந்தார். பிஸ்கட் கொடுக்கிறவர்கள் போய்விடுகிறார்கள், சாலைக்கு வந்து பழகிய கரடியைத்தான் பின்னால் சுட்டுவிடுகிறார்கள். அதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. அந்தக் காட்டில் வண்டியை நிறுத்தி இரவு தங்காதீர்கள்.

மியூனிக்கிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. ஆகஸ்ட் கடைசிக்கு மாற்றிவிட்டோம். பார்த்து வைத்த வண்டியில் பெல்ட் இருக்கை நான்குதான், விசாரித்துவிட்டு வேறு பார்க்கிறோம். ஸ்டெல்வியோ போய் பெர்னினா வந்துவிட்டது. அதைச் சொன்னதிலிருந்து மாமனார் வேறு எந்தக் கணவாயையும் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர் என்று குறைத்திருக்கிறோம். சமையலைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். மாமியார் கிரைண்டர் எடுத்துவரலாமா என்கிறார். கிளம்பும் முன் ஆட்டுக்கறி மசாலா போட்டு ஃப்ரிட்ஜில் நிறைய வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார்.

பேர்னிலிருந்து

இறைச்சி கவனம், தங்கச்சி. ஸ்விட்சர்லாந்துக்குள் ஆளுக்கு ஒரு கிலோதான் வரியில்லாமல் கொண்டு வரலாம். ஆறு பேருக்கு ஆறு கிலோ, அதுக்கு மேலே எல்லையில் வரி கட்டவேணும், அந்த வரியும் கூடத்தான். அந்த ஆறு கிலோவும் எடையில் சேரும் என்றதை ஸ்டுட்கார்ட் தம்பி சொன்னதோடு சேர்த்துப் பாருங்கோ.

குக்கர் கட்டாயம் வேணும். 2000 மீட்டரில் தண்ணீர் 93 பாகையிலேயே கொதித்துவிடும், திறந்த சட்டியில் பருப்பும் சோறும் வேக நேரம் கூட எடுக்கும். முகாம்களில் மின்சாரம் சில இடத்தில் 6 ஆம்பியர்தான், 1380 வாட்டுக்கு மேல் இழுத்தால் கட்டாகும். கிரைண்டர் ஓடும், இண்டக்சன் அடுப்பு முழு வேகத்தில் ஓடாது. எரிவாயு புரோப்பேனாக வாங்குங்கோ, பியூட்டேன் குளிரில் வராது. ஜெர்மன் சிலிண்டரை இங்கேயோ பிரான்ஸிலோ மாற்றித் தரமாட்டினம், அதனாலே கிளம்பும்போதே வாகனத்தில் இருக்கிற சிலிண்டர் எல்லாம் நிரம்பி இருக்கவேணும்.