நகரம் கேட்பது மாநில விதியையா, தன் சொந்த விதியையா?

கேள்வி — கீழைக்காற்று

கலிபோர்னியாவில் ஒரு சிறிய நகரத்தில், 1960களில் கட்டப்பட்ட எங்கள் தனிவீட்டின் பின்புறத்தை விரிவாக்குவதற்காக 2025 டிசம்பரில் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்திருந்தோம். பிப்ரவரியில் வந்த வரைபடச் சரிபார்ப்புக் குறிப்புகளில் இரண்டு எனக்கு விளங்கவில்லை. புதிதாகச் சேர்க்கும் பரப்பு பழைய பரப்பில் பாதியைத் தாண்டுவதால் வீடு முழுவதற்கும் தீயணைப்புத் தெளிப்பான்கள் பொருத்த வேண்டும் என்பது ஒன்று. வரைபடங்களை 2025ஆம் ஆண்டுக் கட்டட விதித்தொகுப்பின்படி மாற்றித் தர வேண்டும் என்பது மற்றொன்று. அடுத்த நகரத்தில் என் மைத்துனர் ஏறக்குறைய இதே அளவுக்குத் தம் வீட்டை விரிவாக்கியபோது, தெளிப்பான் பற்றி யாரும் அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. மாநிலம் முழுவதற்கும் ஒரே விதித்தொகுப்பு என்றால் இரண்டு நகரங்களுக்கு இடையே இந்த வேறுபாடு எப்படி வருகிறது? நகர மன்றம் மாநில விதியை ‘ஏற்றுக்கொள்கிறது’ என்பதன் உண்மையான பொருள் என்ன? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி — சாரக்கட்டு

ஐயா, நான் இம்மாநிலத்தில் கட்டமைப்புப் பொறியாளராகப் பணிபுரிகிறேன். பலரும் நினைப்பதைப் போல, நகரம் ஏற்றுக்கொண்டால்தான் மாநில விதி அங்கே செல்லுபடியாகும் என்பதில்லை. டைட்டில் 24 எனப்படும் கலிபோர்னியாக் கட்டடத் தரநிலைத் தொகுப்பு மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது; வெளியான 180 நாட்களுக்குப் பின், நகர மன்றம் கூடினாலும் கூடாவிட்டாலும், மாநிலமெங்கும் நடைமுறைக்கு வந்துவிடுகிறது. இப்போதைய 2025 பதிப்பு 2026 ஜனவரி 1 முதல் செல்லுபடியாகிறது. அப்படியானால் நகர மன்றங்கள் ஒவ்வொரு சுற்றிலும் எதற்காகச் சட்டம் இயற்றுகின்றன என்று கேட்கலாம். கட்டணம், பெர்மிட் காலாவதி, மேல்முறையீட்டு வாரியம் போன்ற நிர்வாகப் பகுதிகளைத் தமக்கேற்ப அமைத்துக்கொள்வதும், மாநில விதியைவிடக் கடுமையான உள்ளூர்த் திருத்தங்களைச் சேர்ப்பதுமே அந்தச் சட்டத்தின் வேலை.

தங்கள் தெளிப்பான் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்றே தோன்றுகிறது. புதிய தனிவீடுகளுக்குத் தெளிப்பான் 2011 ஜனவரி 1 முதல் மாநில அளவிலேயே கட்டாயம். ஆனால் ஏற்கெனவே தெளிப்பான் இல்லாத பழைய வீட்டை விரிவாக்கும்போது அது தேவையில்லை என்று மாநிலக் குடியிருப்பு விதி விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கைச் சில நகரங்கள் திருத்தம் கொண்டுவந்து சுருக்கியிருக்கின்றன. தங்கள் மைத்துனரின் நகரம் அப்படிச் செய்யாமல் இருந்திருக்கலாம்.

இத்தகைய திருத்தத்தை நகரம் விருப்பம்போல் போட்டுவிட முடியாது. உள்ளூரின் தட்பவெப்பம், நிலவியல், நில அமைப்பு ஆகியவற்றில் எது இந்தக் கடுமையைத் தேவையாக்குகிறது என்பதை நகர மன்றம் வெளிப்படையாகக் காரணம் காட்டித் தீர்மானிக்க வேண்டும். திருத்தத்தையும் காரணங்களையும் கலிபோர்னியாக் கட்டடத் தரநிலை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும் வரை திருத்தம் செல்லாது. தெளிப்பான் திருத்தங்களில் வழக்கமாகக் காணப்படும் காரணங்கள், தீயணைப்பு வண்டி எளிதில் ஏற முடியாத குறுகலான மலைச்சாலைகள், வறண்ட அனல்காற்று, நிலநடுக்கத்தில் குடிநீர்க் குழாய்கள் உடையக்கூடிய நிலை போன்றவை. காரணம் தரப்படாவிட்டால் ஆணையம் திருத்தத்தை நிராகரிக்கலாம். காரணம் வலுவானதா என்று ஆணையம் எடைபோடுவதில்லை. எனவே சமவெளியில் இருக்கும் நகரம்கூட மலைநகரத்தின் வாசகத்தை அப்படியே எடுத்து எழுதியிருப்பதைப் பார்க்க முடியும். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனாலும் நடைமுறை அப்படித்தான் இருக்கிறது.

சரிபார்ப்பாளரிடம் தாங்கள் கேட்க வேண்டியது, இந்தத் தேவை எந்த உள்ளூர்ச் சட்டத்தின் எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதே. அதற்கான காரணத் தீர்மானம் பொது ஆவணம். யார் கேட்டாலும் தர வேண்டும்.

மறுமொழி — வரைபட மேசை

பல ஆண்டுகள் வரைபடச் சரிபார்ப்பில் இருந்தவன் என்ற முறையில், மேலே சொல்லப்பட்டதுடன் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலில் பதிப்பு பற்றி. விண்ணப்பம் கொடுத்த நாளில் எந்த விதி நடைமுறையில் இருந்ததோ அதுவே அந்த வரைபடங்களுக்குப் பொருந்தும் என்பது மாநிலச் சட்டம். தாங்கள் டிசம்பரில் கொடுத்திருந்தால் முந்தைய 2022 பதிப்பே பொருந்த வேண்டும். ஆனால் கொடுத்தது முழு விண்ணப்பமா, முன் ஆலோசனைக்கான வரைபடமா என்பதைப் பாருங்கள். பல அலுவலகங்கள் வரைபடங்களும் கணக்கீடுகளும் முழுமையாக வந்து, கட்டணம் செலுத்தப்பட்ட நாளையே விண்ணப்ப நாளாகப் பதிகின்றன. டிசம்பர் தேதியிட்ட ரசீது கையில் இருந்தால் அதன் நகலைப் பதிலுடன் இணைத்து அனுப்புங்கள். ஜனவரியில் சரிபார்ப்புக் குறிப்புகளுக்கான வார்ப்புருவை மாற்றிய அலுவலகம், பழைய விண்ணப்பத்துக்கும் புதிய வார்ப்புருவையே பயன்படுத்தியிருக்கவும் கூடும். விண்ணப்பத்தையோ பெர்மிட்டையோ காலாவதியாக விட்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும் என்பதால், பதில் அனுப்பத் தாமதிக்க வேண்டாம்.

அடுத்ததாக, தீயணைப்பு ஏற்பாடு. தங்கள் பகுதியைத் தனியான தீயணைப்பு மாவட்டம் கவனிக்கிறது என்றால், திருத்தம் நகரத்தின் சட்டத்தில் இல்லாமல் அந்த மாவட்டத்தின் சட்டத்தில் இருக்கலாம். அதை நகர மன்றம் உறுதிப்படுத்தியிருந்தால்தான் நகர எல்லைக்குள் செல்லும். கட்டடப் பிரிவில் தேடிக் கிடைக்கவில்லை என்பதற்காக அப்படியொரு விதியே இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

‘பாதிப் பரப்பு’ எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் படியுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான தகராறுகள் இங்கேதான் தீர்ந்திருக்கின்றன. வண்டிக்கொட்டகை பழைய பரப்பில் சேருமா, முந்தைய ஆண்டுகளில் பெற்ற பெர்மிட்டுகளின் பரப்பும் கூட்டப்படுமா என்பதெல்லாம் நகரத்துக்கு நகரம் வேறுபடும். பாதிப் பரப்பு என்ற வரம்பை ஒட்டி இருக்கும் திட்டம் என்றால், ஒரு சேமிப்பு அறையைக் குறைப்பதே போதுமானதாக இருக்கலாம். அப்படியும் முடியாமல் தெளிப்பான் போட்டே ஆக வேண்டும் என்றால், குடிநீர் இணைப்பின் அளவும் மீட்டரும் போதுமா என்பதை நீர் வழங்கல் துறையிடம் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். சில வீடுகளில் தெளிப்பான் குழாய்களைவிட அந்த இணைப்பை மாற்றுவதே பெரிய செலவாகிவிடுகிறது.

கீழைக்காற்று

இருவருக்கும் மிக்க நன்றி. டிசம்பர் ரசீது என்னிடம் இருக்கிறது. தெளிப்பான் திருத்தம் முந்தைய பதிப்பின் காலத்திலேயே நகரச் சட்டத்தில் இருந்திருக்கிறது என்பதையும் கண்டுபிடித்தேன். குடியிருப்புக்கான உள்ளூர்த் திருத்தங்களை மாநிலம் இப்போது நிறுத்திவைத்திருக்கிறது என்று எங்கோ படித்தேனே, அது எனக்கு உதவுமா?

மறுமொழி — வடபுலத்தார்

கலிபோர்னியாவின் முறை அமெரிக்கா முழுவதற்கும் பொருந்தாது என்பதை வேறு மாநிலங்களில் இருந்து இதைப் படிப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். நான் வசிக்கும் மின்னசோட்டாவில் மாநிலக் கட்டட விதியிலிருந்து மாறுபட்ட விதியை நகரங்கள் வகுத்துக்கொள்ள முடியாது, வர்ஜீனியாவிலும் அப்படியே. டெக்சஸில் பன்னாட்டுக் குடியிருப்பு விதித்தொகுப்பை அடிப்படையாக வைத்து நகரங்கள் திருத்திக்கொள்ளலாம். ஆனால் ஓரிரு குடும்ப வீடுகளுக்குத் தெளிப்பானைப் புதிதாகக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2009இல் அந்த மாநிலச் சட்டமன்றமே தடுத்துவிட்டது.

மறுமொழி — சாரக்கட்டு

தாங்கள் படித்தது ஏபி 130 என்ற 2025ஆம் ஆண்டுச் சட்டமாக இருக்கும். குடியிருப்புகளுக்கான புதிய உள்ளூர்த் திருத்தங்களை அது 2025 அக்டோபர் 1 முதல் 2031 ஜூன் வரை, சில விலக்குகளுடன், நிறுத்திவைக்கிறது. அந்த விலக்குகளில் ஒன்று தங்களுக்குப் பாதகமானது: 2025 செப்டம்பர் 30 அன்று நடைமுறையில் இருந்த திருத்தத்துக்குப் பெரிதும் ஒத்ததை நகரம் புதிய பதிப்பிலும் தொடரலாம். அதோடு, தங்கள் விண்ணப்பம் 2022 பதிப்பின் கீழ் வருகிறது என்று நாம் வாதிட்டால், அந்தப் பதிப்புக்கான பழைய திருத்தமும் சேர்ந்தே பொருந்தும். எனவே இந்த நிறுத்திவைப்பை நம்பி நேரம் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து.

பழைய திருத்தம் 2022 சுற்றில் புதிதாக மீண்டும் நிறைவேற்றப்பட்டு ஆணையத்தில் பதிவானதா என்பதைப் பாருங்கள். முந்தைய சுற்றின் திருத்தம் தானாக அடுத்த பதிப்புக்கு வராது; ஒவ்வொரு முறையும் காரணத் தீர்மானத்துடன் மீண்டும் நிறைவேற்ற வேண்டும். பதிவு இருந்தால், நண்பர் சொன்னபடி பரப்புக் கணக்கில் இறங்குங்கள். அந்தக் கணக்கிலும் அலுவலகத்தின் விளக்கத்தை ஏற்க முடியவில்லை என்றால் உள்ளூர் மேல்முறையீட்டு வாரியம் உண்டு. தனி வாரியம் அமைக்கப்படாத ஊரில் நகர மன்றமே அந்தப் பொறுப்பை ஏற்கும். விதி தவறாகப் பொருள் கொள்ளப்பட்டது என்று அங்கே வாதிடலாம். விதியைத் தளர்த்தித் தருமாறு கேட்பதானால், அதற்கு வாரியத்துக்கு அதிகாரமில்லை.