எலைட் ஐ20 பெட்ரோலுக்கு எந்த ஏர் இன்டேக் நல்லது? மேலுமலை ஏற்றத்தில் பிக்கப் இல்லை

பர்கூர் ஐ20:
எல்லோருக்கும் வணக்கம். 2016 ஹூண்டாய் எலைட் ஐ20, 1.2 பெட்ரோல் வைத்திருக்கிறேன். வீடு பர்கூர் பக்கம், வேலை ஓசூரில். கிருஷ்ணகிரி தாண்டி மேலுமலை ஏறும்போது வண்டி இழுப்பதே இல்லை. நாலாவது கியரில் மிதித்தால் கடகடவென்று தட்டும் ஒலி வருகிறது, வேகம் ஏறாது. மூன்றுக்கு இறக்கினால் சத்தம்தான் கூடுகிறது. காலை ஷிஃப்டுக்குப் போகும்போது இது அவ்வளவாகத் தெரியவில்லை. மதியம் ஏசி போட்டுக்கொண்டு ஏறினால்தான் தொல்லை. செக் என்ஜின் விளக்கு எரியவில்லை. போன சர்வீஸில் ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் இரண்டும் புதிதாகப் போட்டாயிற்று. அதற்கப்புறம் முன் பம்பர் அடிபட்டு மாற்றியதைத் தவிர வண்டியில் வேறு வேலை எதுவும் நடக்கவில்லை.

ஆக்சஸரீஸ் கடையில் கேட்டேன். கம்பெனி ஃபில்டர் மூச்சை அடைக்கிறது, பெட்டியே இல்லாத, கூம்பு வடிவக் கோன் ஃபில்டர் போட்டால் பத்து குதிரைத்திறன் கூடும் என்கிறார்கள். கே அண்ட் என் மாதிரி, பழைய பெட்டிக்குள்ளேயே வைக்கும் டிராப்-இன் ஃபில்டர் போதும் என்கிறார் நண்பர். கோல்டு ஏர் இன்டேக் என்று நீளக் குழாயோடு ஒரு செட்டும் இருக்கிறது. எட்டாயிரம் வரை செலவு செய்யலாம். எதை வாங்க? வீட்டில் இருந்து ஹைவே வரும் சாலையில் கிரானைட் லாரிகள் ஓடுகின்றன, எப்போதும் தூசிதான். அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

தர்மபுரி டர்போ:
நண்பா, மூன்றில் டிராப்-இன் போதும். என்னுடைய டர்போ பெட்ரோலில் அதைத்தான் போட்டிருக்கிறேன். தொப்பூரில் இருந்து தர்மபுரிக்கு ஏறும்போது ஆக்ஸிலரேட்டருக்குக் கொஞ்சம் சீக்கிரம் பதில் சொல்கிறது, டர்போ இழுக்கும் ஒலியும் நன்றாகக் கேட்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் என் ஓட்டம் முழுக்க ஹைவேயில், லாரித் தூசி எனக்குக் கிடையாது. கோன் வேண்டாம். அது திறந்தபடி என்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து கொதிக்கும் காற்றைத்தான் இழுக்கும்.

ஓசூர் டூல்ரூம்:
எதையும் வாங்குவதற்கு முன் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். கடைக்காரர் சொல்லும் பத்து குதிரைத்திறன் அந்த ஃபில்டரில் ஒளிந்திருக்கிறதா என்று அளந்தே பார்த்துவிடலாம்.

உங்கள் என்ஜின் 1197 சிசி, 6000 ஆர்பிஎம்மில் 83 பிஎஸ், அதாவது குதிரைத்திறன். நாலு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் முழுக் கொள்ளளவையும் இழுக்கும். 6000 சுற்றில் நிமிடத்துக்குச் சுமார் 3600 லிட்டர் காற்று. அதை வழிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் கம்பெனி ஃபில்டரின் மடிப்புகளை வைத்திருக்கிறது. சுத்தமான பேப்பர் ஃபில்டரில் அடைப்பு மிகக் குறைவு.

வண்டியின் சென்சார் அளவுகளைப் போனில் காட்டும் ஓபிடி ப்ளூடூத் கருவி ஒன்று கடனாகக் கிடைத்தாலும் போதும். என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, மேனிஃபோல்டு அழுத்தம், அதாவது என்ஜினுக்குள் நுழையும் இடத்தில் காற்றின் அழுத்தம், எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி உயரத்தில் 95 கிலோபாஸ்கலை ஒட்டி வர வேண்டும். அப்புறம் காலியான, நேரான சாலையில் இரண்டாம் கியரில் முழுதாக மிதித்து 5500 தாண்டும்போது அதே அளவைப் பாருங்கள். போனைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், நீங்கள் சாலையைப் பாருங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஃபில்டர், குழாய், காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் எல்லாம் சேர்ந்து தின்னும் அழுத்தம். 95க்கு 92 வந்தால் இழப்பு மூன்று சதவீதம். ஃபில்டரைத் தூக்கியே எறிந்தாலும் அதற்கு மேல் ஒன்றும் திரும்பக் கிடைக்காது. 83இல் மூன்று சதவீதம் என்றால் இரண்டரை பிஎஸ்தான்.

அப்படியே உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள், ஏற்றம் ஏறும்போது. மதியம் மட்டும் சக்தி போகிறது, கூடவே தட்டும் ஒலி என்கிறீர்கள். இது அடைப்பின் அறிகுறி இல்லை, சூட்டின் அறிகுறி. காற்று 10 டிகிரி சூடானால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். அதைவிடப் பெரிய இழப்பு வேறு. சூடான காற்றில் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடிக்கப் பார்க்கும், தட்டும் ஒலி அதுதான். நாக் சென்சார் அதைக் கேட்டதும் ஈசியு, அதாவது என்ஜின் கம்ப்யூட்டர், இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளும். இழுவை அங்கேதான் போகிறது.

இன்னொன்று, ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். சென்னையோடு ஒப்பிட்டால் இங்கே காற்று அழுத்தமே பத்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எந்த வண்டியும் இங்கே கொஞ்சம் சோர்வாகத்தான் ஓடும். எந்த ஃபில்டரும் அதைச் சரிசெய்யாது.

ஜெகதேவி மெக்கானிக்:
தம்பி, நான் குவாரி வண்டிகளையே பார்த்து வேலை கற்றவன். நம் பக்கத்துத் தூசியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே. கிரானைட் தூளில் குவார்ட்ஸ் இருக்கிறது, இரும்பையே கீறும். ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்த்துவிடும். அதற்கப்புறம் வண்டி ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். அந்த வேலைக்கு எட்டாயிரம் எந்த மூலைக்கு?

பேப்பர் ஃபில்டரில் தூசி கொஞ்சம் படிந்த பிறகு வடிகட்டும் திறன் இன்னும் கூடும். எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டரைக் கழுவி மறுபடி போடலாம் என்பது உண்மைதான். ஆனால் முழுதாகக் காய வேண்டும், எண்ணெய் அளவாகப் பட வேண்டும். குறைந்தால் தூசி உள்ளே போகும். கூடினால், காற்றின் அளவை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் உள்ள வண்டிகளில் அதன் சூடான கம்பியில் எண்ணெய் படிந்து ரீடிங் கெடும். பஞ்சர் கடையில் ஏர் அடித்து ஃபில்டரைச் சுத்தம் செய்யும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்த அழுத்தத்தில் பேப்பரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். ஃபில்டர் பெட்டியில் இருந்து த்ராட்டிலுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி, உள்ளே வெள்ளைத் துணியால் துடையுங்கள். லேசான எண்ணெய் ஈரம் இருந்தால் பரவாயில்லை. நறநறவென்று மண் வந்தால் ஃபில்டர் ஓரத்து ரப்பர் சரியாக உட்காரவில்லை, அல்லது பெட்டியின் கிளிப் உடைந்திருக்கிறது. அப்படியே பெட்டிக்குக் காற்று எங்கிருந்து வருகிறது என்றும் முன்னால் குனிந்து பாருங்கள். பம்பர் வேலை நடந்தது என்று சொன்னீர்களே, அது எனக்கு இடிக்கிறது.

பர்கூர் ஐ20:
அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே சரி. கிரில்லுக்குப் பின்னால் இருந்து ஃபில்டர் பெட்டிக்குக் காற்று கொண்டுவரும் பிளாஸ்டிக் குழாயே வண்டியில் இல்லை! பம்பர் மாற்றிய இடத்தில் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை போல. பெட்டியின் வாய் ரேடியேட்டர் ஃபேனுக்குப் பின்னால் திறந்து கிடக்கிறது. துணி வைத்துத் துடைத்தேன். மண் இல்லை, லேசான எண்ணெய்தான்.

ஓபிடியும் வாங்கிப் பார்த்தேன். இக்னிஷனில் 95, முழுதாக மிதித்தபோது 92. மேலுமலையில் மதியம் காற்று வெப்பம் 62 டிகிரி வரை போனது. வெளியே 37தான்.

ஓசூர் டூல்ரூம்:
விடை கிடைத்துவிட்டது. உங்கள் வண்டியில் கம்பெனியே ஒரு கோல்டு ஏர் இன்டேக் கொடுத்திருந்தது, அதுதான் காணாமல் போயிருக்கிறது. இப்போது கோன் போட்டிருந்தால் இதே கொதிக்கும் காற்றைக் காசு கொடுத்து இழுத்திருப்பீர்கள். அந்த ஏர் டக்ட் ஒரிஜினல் பார்ட்ஸ் கடையில் தனியாகக் கிடைக்கும். ஆர்சி எடுத்துக்கொண்டு போய் சேஸிஸ் எண் சொல்லிக் கேளுங்கள், பழைய இரும்புக் கடையில் தேட வேண்டாம். மாட்டும்போது திருகும் கிளிப்பும் எல்லாம் இருக்கின்றனவா பாருங்கள். ஆட்டம் இருந்தால் மறுபடியும் கழன்றுவிடும்.

பர்கூர் ஐ20:
டக்ட் வந்து மாட்டியாயிற்று. அதே நேரம், அதே ஏற்றம், ஏசியோடு: காற்று வெப்பம் 45ஐத் தாண்டவில்லை. தட்டும் ஒலி சுத்தமாக நின்றுவிட்டது. மூன்றாவது கியருக்கு இன்னும் இறங்கத்தான் வேண்டியிருக்கிறது, ஆனால் இறக்கியதும் இழுக்கிறது. நாலு பேரை ஏற்றிக்கொண்டும் போய்ப் பார்த்துவிட்டேன்.

கையில் காசு இருக்கிறது. இனி டிராப்-இன் போடுவதில் ஏதாவது பலன் உண்டா?

ஓசூர் டூல்ரூம்:
62இல் இருந்து 45க்கு இறங்கியதிலேயே சுமார் ஐந்து சதவீதம் காற்று கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. டைமிங் திரும்பக் கிடைத்தது தனி. அந்த அளவை எந்த டிராப்-இன்னும் தராது. உங்கள் மொத்த இழப்பு 3 கிலோபாஸ்கல், அதில் ஃபில்டரின் பங்கு இன்னும் சின்னது. தர்மபுரி நண்பர் போல ஹைவே மட்டும் ஓட்டுபவர் ஒலிக்காகப் போட்டால் நான் தடுக்க மாட்டேன். லாரித் தூசியில் தினம் ஓடும் வண்டிக்கு வேண்டாம்.

நீளக் குழாய் செட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். அதில் ஃபில்டர் பம்பருக்குள் தாழ்வாக உட்காரும். மழை நாளில் ரயில்வே கீழ்ப்பாலத்துத் தண்ணீரில் இறக்கினால் நேராக சிலிண்டருக்குள் தண்ணீர் போகும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். என்ஜின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை வெளியேற்றும் கிராங்க் கேஸ் பிரீதர் குழாயை இணைக்காமல் விட்டுவிடும் செட்டுகளையும் பார்த்திருக்கிறேன். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் கட்டுப்பாடு இருக்கிறது. இன்சூரன்ஸ் க்ளெய்ம் சமயத்தில் அந்தக் கேள்வியும் வரலாம்.

ஜெகதேவி மெக்கானிக்:
அந்தக் காசில் பத்துப் பதினைந்து ஒரிஜினல் பேப்பர் ஃபில்டர் வாங்கலாம் தம்பி. ஓனர்ஸ் மேனுவலில் தூசிச் சாலைக்கு என்று தனி அட்டவணை இருக்கும், சாதாரண அட்டவணையைப் பார்க்காதீர்கள். லாரி ஓடும் சாலை என்றால் அதன்படி சீக்கிரமே மாற்றுங்கள். மாட்டும் முன் பெட்டியின் அடியில் தங்கிய மண்ணை ஈரத்துணியால் எடுத்துவிட்டு, ஓர ரப்பர் சுற்றிலும் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து மூடுங்கள்.

பர்கூர் ஐ20:
சரிண்ணா. சனிக்கிழமை கிருஷ்ணகிரி வருகிறேன், இரண்டு ஃபில்டர் சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்கிறேன்.