பேச்சுக்கு மருந்து தேடிய நாள்கள்: எங்கள் அனுபவங்கள்

தஞ்சாவூரிலிருந்து ஒரு தாய்:

மூன்று வயது நிறைந்தபோதும் என் மகன் ‘அம்மா’ என்று அழைத்ததில்லை. ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசும் என்றார் மாமியார். நாக்கில் வசம்பு உரைத்துத் தடவினோம். ஐந்து வயதுவரை பேசாதிருந்த குமரகுருபரர் முருகன் சந்நிதியில் வாய் திறந்ததைச் சொல்லி, திருச்செந்தூருக்கும் அழைத்துப் போனார்கள். அந்த நம்பிக்கைகளை நான் பழிக்கவில்லை; ஆனால் அவற்றோடு ஓராண்டு கழிந்துவிட்டது.

பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதவன், பிஸ்கட் உறை பிரியும் ஓசைக்கு அடுத்த அறையிலிருந்து ஓடி வருவான். இருந்தும் காதைச் சோதிக்காமல் எதையும் சொல்ல முடியாது என்று குழந்தைநல மருத்துவர் பெரா என்ற செவித்திறன் பரிசோதனைக்கு அனுப்பினார். செவித்திறனில் குறையில்லை. ஆட்டிசம் என்று உறுதியானதும், பேச வைக்க என்ன மருந்து என்றுதான் முதலில் கேட்டேன். பேச்சுக்கென்று மருந்து கிடையாது என்றார். அமெரிக்காவில் 2006இல் ரிஸ்பெரிடோனும் 2009இல் அரிப்பிப்ரசோலும் ஆட்டிசக் குழந்தைகளுக்கு அனுமதி பெற்றது கடும் எரிச்சலையும் மூர்க்கத்தையும் தணிப்பதற்காகவே என்று விளக்கினார்.

ஐந்து வயதில் அவன் சுவரில் தலையை மோதிக்கொள்ளத் தொடங்கியபோது ரிஸ்பெரிடோன் குறைந்த அளவில் தரப்பட்டது. மோதல் குறைந்தது, பயிற்சியில் இருபது நிமிடமாவது உட்கார்ந்தான். ஆனால் மூன்று இட்லி சாப்பிட்டவன் ஏழு கேட்டான், எடையும் ஏறியது. பிறகு மருத்துவரே படிப்படியாக அளவைக் குறைத்தார். அந்த மருந்தால் ஒரு சொல்கூட வரவில்லை, சொல் வருவதற்கான அமைதிதான் கிடைத்தது.

சொல் வந்தது படஅட்டையின் வழியே. புத்தகப் படம் வேண்டாம், உங்கள் வீட்டுத் தயிர்க் கிண்ணத்தையே படம் எடுங்கள் என்றார் பயிற்சியாளர். கிண்ணத்தோடு நான் எதிரே அமர்வேன். என் கணவர் பின்னாலிருந்து அவன் கையை அட்டையின்மேல் வைத்து, அதை என்னிடம் கொடுக்கச் செய்வார். ‘என்ன வேண்டும்?’ என்று கேட்கக் கூடாது. அட்டை என் கைக்கு வந்த நொடியில் ‘தயிர்’ என்று சொல்லிக் கிண்ணத்தைக் கொடுத்துவிட வேண்டும். எட்டாவது மாதத்தில் அட்டையை நீட்டியபடியே ‘தயி’ என்றான்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தந்தை:

சகோதரிக்கு நன்றி. 2025 செப்டம்பரில், லூக்கோவோரின் என்ற மருந்து ஆட்டிசக் குழந்தைகளுக்கு உதவக்கூடும் என்ற அமெரிக்க அறிவிப்பு வந்த அன்று, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எத்தனையோ பேர் மருந்துக்கடைக்கே கிளம்பிவிட்டார்கள். நானும் அவர்களில் ஒருவன். மருந்துச் சீட்டு இல்லாமல் தர முடியாது என்ற கடைக்காரருக்கு இன்று நன்றி சொல்கிறேன். அந்த அறிவிப்பு மூளைக்கு ஃபோலேட் என்ற வைட்டமின் போதுமான அளவு சென்று சேராத குறைபாட்டை ஒட்டியது என்று நரம்பியல் மருத்துவர் விளக்கினார். பேச்சில் முன்னேற்றம் காட்டிய, அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வில் இருந்தவர்கள் 48 குழந்தைகள். காலம் 12 வாரம். ஃபோலேட் மூளைக்குள் செல்வதைத் தடுக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தவர்களிடம் பலன் கூடுதலாகத் தெரிந்தது.

அவருடைய மேற்பார்வையில் என் மகளுக்குக் கொடுத்துப் பார்த்தோம். முதல் சில வாரங்கள் தூக்கமே இல்லை. மூன்றாம் மாதத்தில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசினாள். ஆனால் அதே காலத்தில்தான் பேச்சுப் பயிற்சியை வாரம் ஒன்றிலிருந்து மூன்றாக உயர்த்தியிருந்தோம். எதனால் வந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர்:

இந்த நேர்மை அரிது. ஆட்டிசத்துக்கு மருந்தென்று பேசப்பட்ட செக்ரெடின் என்ற குடல் ஹார்மோன் ஊசியை 1999இல் 60 குழந்தைகளிடம் சோதித்தபோது, மருந்து பெற்றவர்களைப் போலவே வெறும் உப்புநீர் பெற்றவர்களும் முன்னேறியதாகத் தெரிந்தது. காத்திருக்கும் கண்ணுக்குச் சிறு மாற்றமும் பெரிதாகத் தெரியும். சிறுநீர் பெருக்கும் மருந்தான பியூமெட்டனைடை ஆட்டிசத்துக்குச் சோதித்த பெரிய ஆய்வுகளும் 2021இல் பலன் காணாமல் நிறுத்தப்பட்டன. ஸ்டெம்செல் சிகிச்சைக்காக நகையை அடகு வைத்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஆட்டிசத்துக்கு அதை ஏற்கவில்லை.

படம் பழகினால் பேச்சு வராது என்ற அச்சமும் வேண்டாம். 2006இல் வெளியான தொகுப்பாய்வில், படம், சைகை போன்ற மாற்றுத் தொடர்பு முறைகளால் எந்தக் குழந்தையின் பேச்சும் குறையவில்லை, பெரும்பாலோரிடம் கூடியது. நான்கு வயதில் மொழி மிகவும் பின்தங்கியிருந்த 535 குழந்தைகளைப் பற்றிய 2013ஆம் ஆண்டு ஆய்வில், எட்டு வயதிலோ அதற்குப் பிறகோ பார்த்தபோது 70 விழுக்காட்டினர் சொற்றொடராகப் பேசும் திறன் பெற்றிருந்தார்கள். ஐந்து வயதுக்குள் வராவிட்டால் வரவே வராது என்பது உண்மையன்று. பயிற்சியாளர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பயிற்சிச் செலவுக்கும் அதில் இடமுண்டு.

மீண்டும் தஞ்சாவூர்த் தாய்:

இப்போது அவனுக்கு ஏழு வயது. முப்பது சொற்கள் இருக்கும், பாதி எனக்கு மட்டுமே புரியும். படத்தைத் தொட்டால் சொல்லை ஒலிக்கும், சென்னையில் உருவான ஆவாஸ் செயலியைக் கைக்கணினியில் வைத்திருக்கிறோம். சென்ற வாரம் வீட்டுக்கு வந்த என் அண்ணன், ‘மாமா சொல்லு, மாமா சொல்லு’ என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் அவரை நிமிர்ந்தும் பாராமல் ‘போதும்’ என்ற படத்தை அழுத்திவிட்டுச் சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தினான்.