ஆர்டர் முடிகிற வரைக்கும் போய்ப் பாருங்கள்: குமரி மாவட்டக் கடை வெப்சைட் அனுபவங்கள்

இரணியல்காரன்:

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. போனில் டாக்பேக், லேப்டாப்பில் என்விடிஏ, இந்த இரண்டை வைத்துத்தான் வேலை, பேங்க், ரயில் டிக்கெட், அரட்டை எல்லாம் ஓடுகிறது. தெரியாதவர்களுக்காக: என்விடிஏ என்பது ஸ்கிரீனில் இருப்பதை வாசித்துக் காட்டும் சாஃப்ட்வேர், அதாவது ஸ்கிரீன் ரீடர். டாக்பேக் ஆண்ட்ராய்டு போனில் அதே வேலையைச் செய்வது. என்விடிஏ மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் 2006-ல் தொடங்கியது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கிப் போட்டுக்கொள்ளலாம். கடை வெப்சைட் வைத்திருக்கிறவர்களும்தான்.

மார்த்தாண்டம் பக்கம் தேன், நேந்திரங்காய் சிப்ஸ், கருப்பட்டி எல்லாம் ஆன்லைனில் விற்கிற ஒரு கம்பெனி. கடையில் நேரில் போய் வாங்கிப் பழக்கம் உண்டு. முதலாளி அண்ணாச்சியிடம் ஒரு நாள் பேச்சுவாக்கில், "உங்க வெப்சைட்ல என்னால ஒண்ணும் வாங்க முடியல அண்ணாச்சி" என்றேன். மனிதர் அதை அப்படியே விட்டுவிடவில்லை. வெப்சைட் பார்த்துக்கொள்கிற பையனைக் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்கார வைத்து, "தம்பி, நீ ஒரு ஆர்டர் போடு, எங்கயெல்லாம் மாட்டுதுண்ணு இவன் பாக்கட்டும்" என்றார். சைட்டைச் செய்தது அந்தப் பையன் இல்லை, முன்னால் யாரோ செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நான் எப்போதும் கேட்கிற வேகத்தில் வைத்தால் பையனுக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை, அதனால் வேகத்தைக் குறைத்து ஸ்பீக்கரில் போட்டேன். முதல் பக்கம் திறந்ததும் "பேனர் ஃபைனல் ஃபைனல் டூ டாட் ஜேபிஜி" என்றது. அது என்ன படம் என்று கேட்டேன். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறார்களாம். கடைக்கே பெருமையான சேதி, எனக்கு வந்தது ஒரு ஃபைலின் பெயர். ஓணம் ஆஃபர் போஸ்டரும் அப்படித்தான், எத்தனை சதவீதம் தள்ளுபடி, என்றைக்கு வரை என்பதெல்லாம் படத்துக்குள்ளேயே இருந்தது. பேனர் தாண்டினால் தமிழில் எழுதியிருந்த விவரம் ஒன்றும் வாசிக்கவில்லை, குரல் அப்படியே மௌனமாகத் தாவிப் போகிறது. பையன் பக்கத்துக்குப் பின்னால் இருக்கிற புரோகிராம் கோடை (code) திறந்து பார்த்தான். பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று போட்டுக் கிடந்தது. ஆங்கிலக் குரலுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. அந்த ஒரு இடத்தைத் தமிழ் என்று மாற்றியதும் தமிழ்க் குரல் எடுத்துக்கொண்டது. ஒரே வரி. தமிழில் சைட் வைத்திருக்கிற எல்லோரும் முதலில் இதைப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்புறம் தேன் பக்கம். 250 கிராம், 500 கிராம், 1 கிலோ என்று மூன்று கட்டம். கீபோர்டில் டேப் கீயை அடித்துக்கொண்டே போனால் எதிலும் நிற்காமல் நேராகக் கீழே போய்விடுகிறது, ஏனென்றால் அவை பட்டனே இல்லை, மவுஸால் அழுத்தினால் வேலை செய்கிற மாதிரி செய்த வெறும் கட்டங்கள். எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்பது மஞ்சள் கோடாக மட்டும் தெரியுமாம். எண்ணிக்கையைக் கூட்டவும் குறைக்கவும் இருந்த இரண்டும் என் காதில் "பட்டன்", "பட்டன்" என்றுதான் விழுந்தன. எது கூட்டும் எது குறைக்கும்? அமுக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அமுக்கினாலும் எண் மாறியதை அது சொல்வதில்லை. கூடையில் சேர்த்தேன். சேர்ந்ததா இல்லையா என்று ஒரு சத்தமும் இல்லை. மேலே ஒரு மூலையில் "சேர்க்கப்பட்டது" என்று வந்து மறைந்தது என்று பையன்தான் சொன்னான். நான் முன்பு வீட்டிலிருந்து முயன்றபோது இதே இடத்தில் சேரவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அமுக்கி, கூடையில் ஏகப்பட்ட பாட்டில் ஏறிவிட்டது.

முகவரிப் பக்கத்தில் பின்கோடு ஒரு எண் குறைவாக விழுந்துவிட்டது. கட்டம் சிவப்பாக மாறி நின்றது, அவ்வளவுதான். "அடுத்து" என்று அமுக்கினால் போகாது, ஏன் போகாது என்றும் சொல்லாது. பணம் கட்டும் இடத்தில் ஒரே ஒரு கியூஆர் கோடு. இது எனக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை, போனில் ஆர்டர் போடுகிற யாருமே அதே போனில் இருக்கிற கியூஆரை அதே போனால் எப்படி ஸ்கேன் செய்வார்கள்? அண்ணாச்சி அப்போதுதான், "அதான் பாதி ஆளு பணம் கட்டுற இடத்துல வந்து நின்னுருதான்?" என்றார். யுபிஐ ஐடியை எழுத்தில் போட்டு, அமுக்கினால் ஆப் திறக்கிற லிங்கும் வைத்தார்கள். அதனால் லாபம் எல்லோருக்கும்தான்.

மற்றதையும் அந்தப் பையன் ஒவ்வொன்றாகச் சரி செய்தான். கட்டங்களை உண்மையான ரேடியோ பட்டனாக மாற்றினான், ஒவ்வொரு பட்டனுக்கும் பேர் வைத்தான், கூடையில் சேர்ந்தால் ஸ்கிரீன் ரீடர் வாய்விட்டுச் சொல்கிற மாதிரி ஏரியா-லைவ் (aria-live) என்ற குறிப்பைக் கோடில் போட்டான், பிழை வந்தால் என்ன பிழை என்று கட்டத்துக்குக் கீழே எழுத்தில் வரவைத்தான், தலைப்புகளை ஹெட்டிங்காக மாற்றினான். ஹெட்டிங் ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு: நாங்கள் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை முழுதும் கேட்பதில்லை, என்விடிஏவில் எச் அமுக்கினால் ஹெட்டிங் ஹெட்டிங்காகத் தாவலாம். ஹெட்டிங்கே இல்லாத பக்கத்தில் ஒவ்வொரு முறையும் முழு மெனுவையும் கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அண்ணாச்சி நடுவில் கேட்ட கேள்வியை மறைக்காமல் சொல்கிறேன்: "உன்ன மாதிரி எத்தன பேருப்பா நம்ம சைட்டுக்கு வருவாங்க?" வாங்க முடியாமல் போனவன் போன் போட்டுச் சொல்லிவிட்டா போவான்? அடுத்த கடைக்குப் போயிருப்பான், கணக்கில் வரவே மாட்டான். அதைச் சொன்னேன். சட்டத்தையும் சொன்னேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அரசு ஆபீஸோடு நிற்கவில்லை, தனியார் நிறுவனங்களையும் சேர்த்துத்தான் பேசுகிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், ஆன்லைனில் அடையாளம் சரிபார்க்கும் முறைகளில் பார்வையற்றவர்களும் ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தவர்களும் படுகிற பாட்டைப் பற்றிய வழக்கில், டிஜிட்டல் சேவையை எட்டுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்றே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கண்ணைச் சிமிட்டு என்று கேமரா கேட்டால் நான் எந்தப் பக்கம் பார்த்துச் சிமிட்டுவது?

தக்கலை தையல்:

நான் காது கேளாதவள், வீட்டுக்காரரும் அப்படித்தான். மேலே எழுதியதைப் படித்தபோது எனக்கு நடந்தது ஞாபகம் வந்தது. நூல், ஜிப், மெஷின் சாமான் விற்கிற ஒரு கம்பெனியில் கேஷ் ஆன் டெலிவரி போட்டேன். சைட்டில் எல்லாம் நன்றாக வேலை செய்தது, ஆர்டரும் விழுந்தது. ஆனால் கம்பெனியிலிருந்து போன் பண்ணி "ஆர்டர் போட்டீங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புவார்களாம். போன் அடிப்பது எனக்கு அதிர்வில் தெரியும், எடுத்து என்ன பேசுவது? எடுக்கவில்லை என்று கேன்சல் செய்துவிட்டார்கள். மறுபடி போட்டேன், மறுபடி கேன்சல். அப்புறம் அந்த நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள், பொய் ஆர்டர் போடுகிறவள் என்று.

தீபாவளி நேரம், கையில் பிளவுஸ் வேலை குவிந்து கிடந்தது. நாத்தனார் மகளைப் பேச வைத்துத்தான் சரி செய்தேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, இப்படி ஒரு ஆள் இருப்பாள் என்று நினைத்துப் பார்க்கவில்லை. இப்போது முகவரிப் பக்கத்தில் "உங்களை எப்படித் தொடர்புகொள்ள: போன், எஸ்எம்எஸ், வாட்ஸ்அப்" என்று கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் "ஆம்" என்று அனுப்பினால் போதும்.

அதே சைட்டில் மெஷினில் நூல் மாட்டுவதை ஒரு அம்மா வீடியோவில் காட்டுகிறார். வாய் அசைகிறது, கை ஏதோ ஒரு திருகைத் திருப்புகிறது, எவ்வளவு திருப்ப வேண்டும் என்று எழுத்து இல்லை. வீடியோவுக்குக் கீழே எழுத்துப் போடுங்கள், சின்னச் சின்ன வாக்கியமாகப் போடுங்கள். எங்களில் பலருக்குச் சைகைதான் முதல் மொழி, நீளமான தமிழ் வாக்கியம் படிக்கச் சிரமம்.

வடசேரி டெவலப்பர்:

நான் நாகர்கோவிலில் சின்னக் கம்பெனிகளுக்கு சைட் செய்து கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் கேட்பது ஒன்றே ஒன்று: "அந்த நீல நிற வீல்சேர் ஐகான் போட்டுக் கொடுங்க, ஒரு வரி கோடு போட்டால் எல்லாம் சரியாகிவிடுமாமே?" ஆகாது. பேரில்லாத பட்டனுக்கு என்ன வேலை என்று அந்த ஐகானுக்கு எப்படித் தெரியும்? அப்படி ஒன்றை விற்கிற ஆக்சஸிபி என்ற கம்பெனி, எந்த சைட்டையும் தரத்துக்குக் கொண்டுவந்துவிடும் என்று விளம்பரம் செய்ததற்காக அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைப் பார்க்கிற அரசு அமைப்பான எஃப்டிசி 2025 ஜனவரியில் 10 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. நான் இதைக் காட்டித்தான் கஸ்டமரைத் திருப்புகிறேன்.

தரம் என்பது டபிள்யூசிஏஜி (WCAG), மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துகிற மாதிரி சைட் செய்ய உலக அளவில் வைத்திருக்கிற விதிகள், அதன் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. நம் நாட்டுத் தரம் ஐஎஸ் 17802. எல்லாவற்றையும் படிக்க மலைப்பாக இருந்தால் எழுத்தின் நிறத்திலிருந்து தொடங்குங்கள். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற வித்தியாசம் வேண்டும். தேன் கடை என்றதும் வெள்ளையில் மஞ்சள் எழுத்துப் போடத் தோன்றும், அது 2-ஐக்கூட எட்டாது, பார்வை நன்றாக இருக்கிறவரும் முட்டம் கடற்கரை வெயிலில் நின்று போனைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பட்டன் குறைந்தது 24 பிக்சல் அகலம் உயரம். என் மாமா பக்கவாதம் வந்து தேறியவர், வலது கை நடுங்கும், "சேமி"யும் "நீக்கு"ம் ஒட்டிக்கொண்டிருந்தால் அவருக்கு எப்போதும் "நீக்கு"தான் விழும்.

இன்னொன்று நம் ஊரில் நிறைய. விலைப் பட்டியல், விண்ணப்பம் எல்லாம் பிரஸ்காரர் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்துக் கொடுத்த பிடிஎஃப் ஆகவே ஏற்றிவிடுகிறார்கள். பார்வைக்கு அழகான தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்ற இடத்தில் ஸ்கிரீன் ரீடர் "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று வாசிக்கும். தேடினாலும் கிடைக்காது. யூனிகோடுக்கு மாற்றிச் சாதாரணப் பக்கமாகவே போட்டுவிடுங்கள்.

லைட்ஹவுஸ், வேவ், ஆக்ஸ் என்று சைட்டைத் தானாகச் சோதிக்கிற டூல் எல்லாம் ஓட்டுங்கள், நானும் ஓட்டுகிறேன். ஆனால் தக்கலை அக்காவின் ஆர்டர் கேன்சல் ஆனதை எந்த டூல் கண்டுபிடிக்கும்? அங்கே கோடில் ஒரு பிழையும் இல்லை.

இரணியல்காரன்:

அக்காவுக்கு நடந்தது எனக்குத் தோன்றவே இல்லை, எனக்குப் போனில் பேசுவதுதானே சுலபம். அதனால்தான் ஒருவரை வைத்துப் பார்த்தால் போதாது.

டெவலப்பர் அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். கொட்டேஷன் போடும்போதே சோதித்துப் பார்க்க வருகிறவருக்கும் ஒரு தொகை எழுதிவிடுங்கள். "சும்மா ஒரு தடவ பாத்துக் குடுங்க" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு முழு ஆர்டரைத் திரும்பத் திரும்பப் போட்டு, எங்கே நின்றது, என்ன சொன்னது என்று எழுதிக் கொடுப்பது வேலை. மார்த்தாண்டம் அண்ணாச்சி முதலில் இரண்டு பாட்டில் தேனை எடுத்து நீட்டினார், நான் கூலி கேட்டேன், யோசித்துவிட்டுக் கொடுத்தார். இப்போது சைட்டில் எதை மாற்றினாலும் அந்தப் பையன் எனக்கு லிங்க் அனுப்பிவிட்டுத்தான் ஏற்றுகிறான், அதற்கும் பில் போடுகிறேன்.