சிங்க்திங் ஒத்திசைவுச் செயலியைக் கைப்பேசியில் பயன்படுத்திய அனுபவம்

கைப்பேசிக்கும் கணினிக்கும் இடையே கோப்புகளை ஒத்திசைக்க நான் பயன்படுத்துவது சிங்க்திங் என்னும் திறமூல மென்பொருள். என் படங்களும் குறிப்புகளும் எந்த நிறுவனத்தின் சேமிப்பகத்திலும் தங்காமல், என் கருவிகளுக்கு இடையே மட்டுமே பயணிக்க வேண்டும் என்பதற்காகவே இதைத் தேர்ந்தெடுத்தேன். 2013-இல் வெளிவரத் தொடங்கிய இந்த மென்பொருளில் கணக்கு தொடங்கும் வேலையே இல்லை. கணினித் திரையில் தோன்றும் க்யூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் படித்து, இரு பக்கமும் ஒப்புதல் கொடுத்தால் இணைப்பு அமைந்துவிடும். அதன் பிறகு தெரிந்துகொள்ள வேண்டியவைதான் அதிகம். முக்கியமாக, புதிதாக நிறுவுகிறவர்கள் பலர் இதைக் காப்புப்பிரதி எடுக்கும் செயலி என்றே நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை ஆபத்தானது.

ஒரு கோப்பு சேர்ந்ததை மறுபக்கத்துக்குத் தெரிவிக்கும் அதே செயலி, ஒரு கோப்பு நீக்கப்பட்டதையும் அதே அக்கறையோடு தெரிவிக்கும். கேமரா கோப்புறையை இணைத்திருக்கும் நிலையில், கைப்பேசியில் இடம் போதவில்லை என்று பழைய படங்களை அழித்தால், கணினியில் இருக்கும் படங்களும் அழியும். கைப்பேசியில் அந்தக் கோப்புறையை ‘அனுப்ப மட்டும்’ என்றும் கணினியில் ‘பெற மட்டும்’ என்றும் வைத்துவிட்டால் இது நடக்காது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. ‘அனுப்ப மட்டும்’ என்பது பிற கருவிகளில் நிகழும் மாற்றங்களைக் கைப்பேசி ஏற்காது என்பதையே குறிக்கிறது. நீக்கமும் ஒரு மாற்றமே என்பதால் அது அனுப்பப்படும், கணினியும் அதைப் பெற்று நிறைவேற்றும்.

இதற்குத் தீர்வாக அமைவது, பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் வசதி. ஆனால் அதை எந்தக் கருவியில் இயக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிற கருவியிலிருந்து வந்த மாற்றத்தால் ஒரு கோப்பு நீக்கப்படும்போதோ மாற்றி எழுதப்படும்போதோ மட்டுமே பழைய பிரதி ஒதுக்கி வைக்கப்படும். அதே கருவியில் நாமே அழித்த கோப்புக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே கைப்பேசியில் தவறி அழிக்கப்படும் படங்களை மீட்க வேண்டுமானால், இந்த வசதி கணினியில் இயங்க வேண்டும். படங்களுக்கு, நீக்கப்பட்டதைத் தனிக் கோப்புறையில் ஒதுக்கி வைக்கும் குப்பைத்தொட்டி முறையையும், அடிக்கடி திருத்தும் எழுத்துக் கோப்புகளுக்குப் படிநிலை முறையையும் வைத்திருக்கிறேன். படிநிலை முறையில் முதல் ஒரு மணி நேரத்துக்கு 30 விநாடிக்கு ஒன்று, முதல் நாளுக்கு மணிக்கு ஒன்று, முதல் 30 நாட்களுக்கு நாளுக்கு ஒன்று, அதன் பிறகு வாரத்துக்கு ஒன்று என்ற அளவில் பழைய பதிப்புகள் தங்குகின்றன. காலமெல்லாம் இருக்க வேண்டிய படங்களை மட்டும், ஒத்திசைவில் சேராத வேறொரு கோப்புறைக்கு நகலெடுத்துவிடுகிறேன்.

அடுத்தது பேட்டரி சார்ந்த சிக்கல். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதற்கொண்டு, திரை அணைந்து கைப்பேசி சும்மா கிடக்கும்போது பின்னணிச் செயலிகளின் இணையப் பயன்பாட்டை இயங்குதளம் நிறுத்தி வைக்கிறது. செயலியைத் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும், கணினியிலோ கைப்பேசி இணைப்பில் இல்லை என்றே காட்டும். பேட்டரிச் சிக்கனத்திலிருந்து இந்தச் செயலிக்கு விலக்கு அளிப்பது முதல் படி. சில கைப்பேசிகளில் தயாரிப்பாளர் வைத்திருக்கும் தனிக் கட்டுப்பாடும் இருப்பதால் அங்கேயும் அனுமதி தர வேண்டியிருக்கிறது. ஐபோனில் பின்னணி இயக்கத்துக்கான கட்டுப்பாடு இன்னும் கடுமையானது என்பதால், அங்கே செயலியை அவ்வப்போது திறந்து வைப்பதே நம்பகமான வழி.

நடுவில் சேமிப்பகம் இல்லாததால், இரு கருவிகளும் ஒரே நேரத்தில் விழித்திருந்தால்தான் கோப்பு நகரும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நேரடி இணைப்பு கிடைக்காதபோது உதவும் இடைநிலை வழங்கிகள் குறியாக்கப்பட்ட தரவைக் கடத்திவிடுமே தவிர, எதையும் வைத்திருந்து பிறகு தராது. எப்போதும் இயங்கும் சிறு கணினி ஒன்றை மூன்றாவது கருவியாகச் சேர்த்த பிறகே எனக்கு இந்தக் காத்திருப்பு நீங்கியது. வசதி இருப்பவர்கள் இதைத் தொடக்கத்திலேயே செய்துவிடுவது நல்லது.

இணைப்பு இல்லாத வேளையில் ஒரே குறிப்பைக் கைப்பேசியிலும் கணினியிலும் திருத்தினால், முன்னதாகத் திருத்தப்பட்ட பிரதி, தேதியும் நேரமும் சேர்ந்த வேறொரு பெயரில் அதே கோப்புறையில் வைக்கப்படும். எதுவும் தொலைவதில்லை, ஆனால் அந்தப் பிரதியை நாம் தேடிப் பார்க்க வேண்டும். கடவுச்சொல் தரவுத்தளத்தை இப்படி ஒத்திசைப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். கீபாஸ்எக்ஸ்சி போன்ற மென்பொருளில் இரு தரவுத்தளங்களை ஒன்றாக இணைக்கும் வசதி இருப்பது பெரிய ஆறுதல்.

அதிகாரப்பூர்வ ஆண்ட்ராய்டுச் செயலியின் கடைசிப் பதிப்பு 2024 டிசம்பரில் வெளியானது. அதன் பின் நான், அதன் மூலநிரலிலிருந்து பிறர் தனியாக வளர்த்த சிங்க்திங்-ஃபோர்க் என்னும் கிளைச் செயலிக்கு மாறினேன். வைஃபையிலும் சார்ஜ் ஏறும்போதும் மட்டும் இயங்கு என்பன போன்ற நிபந்தனைகளைக் கோப்புறைவாரியாக வைக்க இது இடம் தருகிறது; படங்கள் சார்ஜ் ஏறும்போது மட்டும் போகின்றன, குறிப்புகள் உடனுக்குடன் போகின்றன. மாறுபவர்கள் பழைய செயலியில் அமைப்புகளை ஏற்றுமதி செய்து புதியதில் இறக்கிக்கொண்டால், அடையாளக் குறியீடு மாறாமல் பழைய இணைப்புகள் அப்படியே தொடரும். ஒரே அடையாளத்துடன் இரண்டும் சேர்ந்து இயங்கக் கூடாது என்பதால் பழையதை முதலில் நிறுத்திவிடுங்கள். ஏற்றுமதிக் கோப்பில் உங்கள் கருவியின் அடையாளத்தை மெய்ப்பிக்கும் ரகசியமான மறைத்திறவுகோலும் இருக்கிறது; வேலை முடிந்ததும் அதைக் கைப்பேசியின் பொதுக் கோப்புறையில் விட்டுவைக்க வேண்டாம்.