மியாட்டா: பிரேக்கை ப்ளீட் (காற்று நீக்கம்) செய்த பிறகும் பெடல் ஆழமாகப் போகுது

கேள்வி:
முதல் தலைமுறை மஸ்டா மியாட்டா கார். நாலு சக்கரத்துக்கும் புது பிரேக் பேட் போட்டு, டாட் 4 பிரேக் ஆயில் ஒரு லிட்டர் விட்டு ப்ளீட் செய்தாச்சு. குமிழி வரலை. ஆனாலும் முதல் மிதிக்குப் பெடல் பாதிக்கு மேல் இறங்குது, ரெண்டாவது மிதிக்கு இறுகி நிக்குது. மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமா மாத்தும் பாகம்) போயிடுச்சா?

பதில் 1:
அவசரப்பட்டு மாஸ்டரை மாத்தாதீங்க. இன்ஜினை ஓடவிட்டுப் பெடலை ஒரே அழுத்தமா பிடிங்க. மெதுவா தரைக்கு இறங்கினாதான் உள் சீல் மேல் சந்தேகம். ரெண்டாவது மிதியில் இறுகுதுன்னா, பெரும்பாலும் பின் பேட் டிஸ்க்கை விட்டு விலகி நிக்குது. பின் காலிப்பரின் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) முதுகில் மூடியா ஒரு போல்ட் இருக்கும், 14 எம்எம் ஸ்பேனர். அதைக் கழற்றினா உள்ளே 4 எம்எம் ஆலன் கீ போகிற ஸ்க்ரூ. ஹேண்ட்பிரேக்கை முழுசா விட்டுட்டு, பேட் டிஸ்க்கைத் தொடும்வரை கடிகாரச் சுற்றில் திருகி, மூணில் ஒரு சுற்று தளர்த்துங்க. சக்கரம் கையால் லேசா சுத்தணும்.

பதில் 2:
காலிப்பரைக் கழற்றி மாட்டியிருந்தா, ப்ளீட் நிப்பிள் (காற்றை வெளியேவிடும் சின்னத் திருகு) மேல்பக்கம் இருக்கான்னும் பாருங்க. இடது, வலது மாறிப்போனா நிப்பிள் கீழே வந்துடும். காற்று மேலேயே தங்கும், எத்தனை லிட்டர் விட்டாலும் வெளியேறாது. ப்ளீட் செய்யும்போது பெடலைத் தரைவரை மிதிக்காதீங்க, அடியில் மரக்கட்டை வைங்க. பழைய மாஸ்டர் சிலிண்டரில் சீல் வழக்கமா போகாத இடத்தில் துருவும் கசடும் இருக்கும், அது சீலைக் கீறிடும். நிப்பிளை மூடின பிறகுதான் காலை எடுக்கணும்.