முடிவில்லாக் கதை: படம் நாவலைச் சுருக்கியதா, திருப்பிப் போட்டதா?

பச்சைமை:
மிக்கேல் எண்டே எழுதி 1979இல் ஜெர்மன் மொழியில் வந்த ‘முடிவில்லாக் கதை’ நாவலையும், வொல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கி 1984இல் வந்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பேசலாம். கதை தெரியாதவர்களுக்காக: தாயை இழந்த பாஸ்டியன் என்ற சிறுவன் ஒரு பழைய புத்தகத்தோடு பள்ளிக்கூடத்துப் பரணில் ஒளிந்துகொண்டு படிக்கிறான். புத்தகத்துக்குள் இருக்கும் ஃபான்டாசியன் என்ற உலகத்தைச் ‘சூன்யம்’ தின்றுகொண்டே வருகிறது. அதன் குழந்தைப் பேரரசி நோயில் கிடக்கிறாள். வழி தேடி அத்ரேயு என்ற வேட்டைக்காரச் சிறுவன் புறப்படுகிறான். ஒரு மனிதக் குழந்தை பேரரசிக்குப் புதுப் பெயர் வைத்தால்தான் அந்த உலகம் பிழைக்கும்.

வெட்டியதற்காகப் படத்தோடு எனக்குச் சண்டை இல்லை. நாவலில் 26 அத்தியாயம். படம் ஏறக்குறைய முதல் 12ஐத்தான் எடுத்துக்கொள்கிறது. சர்வதேசப் பதிப்பு 94 நிமிடம், ஜெர்மன் பதிப்பு 102 நிமிடம். அதற்குள் அவ்வளவுதான் முடியும். என் சண்டை கடைசிக் காட்சியோடு. பாஸ்டியன் அதிர்ஷ்ட டிராகன் மேல் ஏறி நிஜ உலகத்துத் தெரு போன்ற ஒரு தெருவுக்கு மேலே பறந்து, தன்னை அடித்த பையன்களை விரட்டுகிறான். நாவலின் 9ஆம் அத்தியாயத்தில் க்மோர்க் என்ற ஓநாய்மனிதன் ஒரு விதி சொல்கிறான்: சூன்யத்துக்குள் இழுக்கப்பட்டு மனித உலகத்துக்குப் போகும் ஃபான்டாசியன் உயிர்கள் அங்கே பொய்களாக மாறிவிடும். மனிதர்களை ஏமாற்றவும் அடக்கவும் பயன்படும் பொய்கள். அந்த விதிப்படி பார்த்தால் அந்தத் தெருவில் ஒரு டிராகன் பறக்கவே கூடாது. படம் முடிவதற்காக நாவலின் அடிமடியிலேயே கைவைத்துவிட்டார்கள்.

ஒளிக்கூடம்:
நாவலின் விதியை வைத்துப் படத்துக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். படத்தின் க்மோர்க் அந்த விதியைச் சொல்வதே இல்லை. அவன் சொல்வது வேறு: மனிதர்கள் நம்பிக்கையை இழக்கிறார்கள், கனவுகளை மறக்கிறார்கள், அதனால் சூன்யம் வளர்கிறது, நம்பிக்கை இல்லாதவர்களை அடக்குவது சுலபம். இந்த விதிக்குள் ஒரு சிறுவன் மறுபடி ஆசைப்படத் தொடங்குவதுதான் வெற்றி. டிராகன் பறப்பது அதற்குப் பொருத்தம்தான்.

இன்னொன்று. ஆங்கிலப் பதிப்பின் கடைசியில் வரும் கதைசொல்லியின் குரலைக் கவனியுங்கள். பாஸ்டியன் இன்னும் பல ஆசைகள் கேட்டான், சாதாரண உலகத்துக்குத் திரும்புவதற்கு முன் இன்னும் பல சாகசங்கள் செய்தான், ஆனால் அது வேறு கதை என்று சொல்கிறது. ‘திரும்புவதற்கு முன்’. அப்படியென்றால் அந்தத் தெரு விரட்டல் அவன் ஆசைக்குள்ளேயே நடப்பது. டிராகன் எல்லை தாண்டவில்லை. ‘ஆனால் அது வேறு கதை’ என்பதும் எண்டே நாவல் முழுக்க அடிக்கடி எழுதும் வாசகம்தான்.

ஏட்டுச்சுவடி:
அந்தக் குரல் வருவது காட்சி முடிந்த பிறகு. அதற்குள் குழந்தை என்ன பார்த்துவிட்டது? படத் தொடக்கத்தில் அதே மூன்று பையன்கள் பாஸ்டியனைக் குப்பைத் தொட்டிக்குள் தள்ளினார்கள். கடைசியில் அவர்களே பயந்து குப்பைத் தொட்டிக்குள் குதிக்கிறார்கள். பழிக்குப் பழி, கணக்கு முடிந்தது என்று படமே கோடு போட்டுக் காட்டுகிறது. ஒரு வரி வசனம் அதை அழிக்காது.

நாவலின் இரண்டாம் பாதி இந்த ஆசையைத்தான் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறது. பேரரசி தந்த ஆரின் என்ற பதக்கத்தின் பின்புறம் ‘நீ விரும்புவதைச் செய்’ என்று எழுதியிருக்கும். பாஸ்டியன் அதை ‘இஷ்டப்படி செய்’ என்று எடுத்துக்கொள்கிறான். ஒவ்வோர் ஆசை நிறைவேறும்போதும் பழைய உலகத்தைப் பற்றிய ஒரு நினைவு கழன்றுபோகிறது. முதலில் அழகன் ஆக ஆசை. ஆனதும், தான் குண்டாக இருந்ததே மறந்துபோகிறது. பிறகு பலம், துணிவு, புகழ். கடைசியில் சயீதே என்ற மாயக்காரியின் பேச்சைக் கேட்டுத் தானே பேரரசனாகப் பார்த்து, தடுக்க வந்த அத்ரேயுவையே வாளால் குத்துகிறான். படத்தில் கைதட்டல் வாங்குகிற அந்தப் பறத்தல், நாவலில் வீழ்ச்சியின் முதல் படி.

படத்தொகுப்பு:
நடிகர் தேர்வையும் இதோடு சேர்க்க வேண்டும். நாவலில் பாஸ்டியன் குண்டுச் சிறுவன், பள்ளியில் கேலிக்கு ஆளாகிறவன். படத்தில் ஒல்லியான, முகவெட்டு நல்ல பையன். இதைச் சின்ன மாற்றம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஏட்டுச்சுவடி சொன்ன முதல் ஆசையும் முதல் மறதியும் அந்த உடம்பில்தான் தொடங்குகின்றன. ஒல்லிப் பையனை எடுத்த அன்றே இரண்டாம் பாதிக்கான விதை போய்விட்டது. 1990இல் வந்த இரண்டாம் படம் சயீதேயையும் நினைவிழப்பையும் எடுத்துக்கொண்டும் நிற்காமல் போனதற்கு இது ஒரு காரணம் என்பது என் கணிப்பு. இழப்பதற்கு அந்தப் பையனிடம் ஒன்றும் காட்டப்படவில்லை.

அதே சமயம், படம் நாவலைவிட நன்றாகச் செய்த ஓர் இடம் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை: பாறை தின்னி என்ற கல் ராட்சதன்.

நாவலில் சூன்யத்தை எண்டே எப்படிச் சொல்கிறார்? அங்கே இருட்டில்லை, பள்ளம் இல்லை. அந்தப் பக்கம் பார்த்தால் கண்ணே குருடானதுபோல் இருக்கும். எழுத்தில் முதுகு சில்லிடும் வரி. கேமராவால் அதை எடுக்க முடியாது. வெறும் திரையைக் காட்டினால் படச்சுருள் அறுந்துவிட்டது என்று நினைப்பார்கள். அதனால் புயலும் சுழலும் மேகமும் வைத்தார்கள். அது நாவலின் சூன்யம் இல்லை, வெறும் கெட்ட வானிலை. அந்தக் குறையைப் பாறை தின்னி அமர்ந்திருக்கும் காட்சி நிரப்புகிறது. தன் பெரிய கைகளை மடியில் விரித்து வைத்துப் பார்க்கிறது: நல்ல வலுவான கைகள்தானே, அப்படித்தான் நினைத்திருந்தேன், நண்பர்களைப் பிடித்துவைக்க முடியவில்லையே என்கிறது. நாவலில் இந்தக் காட்சி இல்லை. காட்ட முடியாத ஒன்றைக் காட்டாமல், அதனால் வெறுமையான இரண்டு உள்ளங்கைகளைக் காட்டினார்கள். தழுவலுக்கு இதைவிடச் சரியான பாடம் வேண்டுமா?

பச்சைமை:
அந்தக் காட்சியை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே படம்தான் அத்ரேயுவின் குதிரை ஆர்டாக்ஸைக் கெடுத்தது.

சோகச் சதுப்பில் குதிரை மூழ்கும் காட்சியில் எல்லோரும் அழுகிறார்கள். ஆனால் ஏன் குதிரை மட்டும் மூழ்குகிறது, அத்ரேயு ஏன் மூழ்கவில்லை? நாவலில் விடை தெளிவு. ஆரின் அவன் கழுத்தில் இருக்கிறது, அது அவனைச் சதுப்பின் சோகத்திலிருந்து காக்கிறது. நாவலின் ஆர்டாக்ஸ் பேசும் குதிரை. ஒவ்வோர் அடிக்கும் துயரம் கூடுவதை அதுவே சொல்கிறது. அத்ரேயு பதக்கத்தைக் கழற்றி அதன் கழுத்தில் மாட்டப் பார்க்கிறான். உனக்குக் கொடுத்ததை இன்னொருவருக்குத் தர உனக்கு உரிமை இல்லை என்று மறுத்துவிடுகிறது. கடைசியில், நான் மூழ்குவதை நீ பார்க்க வேண்டாம், போய்விடு என்று கேட்கிறது. அவன் போகிறான். படத்தில் குதிரைக்குப் பேச்சு இல்லை, சதுப்பில் பதக்கம் அவனைக் காப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. ‘சோகத்துக்கு இடம் கொடுத்தவர் மூழ்குவார்’ என்ற ஒரே விளக்கம். அப்போது மூழ்கியது குதிரையின் தப்பு என்று ஆகிவிடுகிறது. துக்கத்தில் இருக்கும் ஒரு குழந்தை இதைப் பார்த்தால் என்ன புரிந்துகொள்ளும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒளிக்கூடம்:
அந்த வாதம் கனமானது, மறுக்கவில்லை. ஆனால் பேசும் குதிரையை 1984இல் எப்படி எடுப்பது? வாயசைக்கும் குதிரை சதுப்பில் விடைபெற்றால் திரையரங்கில் சிரிப்பு வந்திருக்கும். பேச்சை எடுத்ததால்தான் அந்தக் கண்கள் வேலை செய்கின்றன. பதக்கத்தைக் கழற்றி மாட்டப் பார்க்கும் அந்தச் செய்கையை வசனமின்றியே எடுத்திருக்கலாம், அதை விட்டது குற்றம். அவ்வளவு தூரம் வருகிறேன்.

ஏட்டுச்சுவடி:
எதற்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு போனால் எல்லா வெட்டும் ஒரே பக்கம் சாய்வது தெரியும். நாவலில் அத்ரேயு தெற்குத் தீர்க்கதரிசியிடம் எப்படிப் போய்ச் சேர்கிறான்? யிக்ரமுல் என்றொரு பூதம். ஒரே உடல் இல்லை, எண்ணற்ற நீலப் பூச்சிகள் கூடி உருமாறிக்கொண்டே இருக்கும். அதன் வலையில் டிராகன் சிக்கியிருக்கிறது. அதன் விஷம் ஏறியவர் ஒரு மணி நேரத்தில் சாவார். ஆனால் அந்த விஷமே நினைத்த இடத்துக்குக் கொண்டுபோகும். அத்ரேயு தானே கேட்டுக் கடி வாங்குகிறான். படத்தில் இது முழுதும் போய், மேகத்திலிருந்து டிராகன் இறங்கித் தூக்கிக்கொண்டு போகிறது. சாவைக் கொடுத்து வாங்கிய பயணம் இலவசமாகிவிட்டது.

தீர்க்கதரிசியிடம் போகக் கடக்க வேண்டிய மூன்று வாசல்களும் அப்படித்தான். முதல் வாசலின் இரண்டு ஸ்பிங்க்ஸ்களும் யாரை விடும், யாரை விடாது என்பதற்கு நாவலில் விடையே இல்லை. ஆயுள் முழுக்க ஆராய்ந்த குள்ளர் எங்கிவுக்கின் ஊகங்கள் எல்லாம் பொய்க்கின்றன. படத்தில் தன்னம்பிக்கை இருந்தால் போகலாம். மூன்றாவது சாவியில்லா வாசல், திறக்க விரும்பினால் இறுகும், விருப்பமே அற்றவனுக்குத் திறக்கும். படத்தில் அந்த வாசலே கிடையாது. ‘ஆசைப்படு, கிடைக்கும்’ என்று முடிக்கப்போகிறவர்கள் அதை எப்படி வைப்பார்கள்?

கதைநேரம்:
குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுகிறவர்கள் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. 12ஆம் அத்தியாயச் சுழலைப் படத்தில் எடுத்திருக்கவே முடியாதா? மற்ற எதைவிடவும் அதைத்தான் பிள்ளைகள் மறுபடி மறுபடி கேட்கிறார்கள்.

படத்தொகுப்பு:
முடியும். முதலில் அந்தச் சுழல் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பாஸ்டியன் பயத்தில் பெயர் சொல்லத் தயங்குகிறான். பேரரசி அலையும் மலைக் கிழவரிடம் போகிறாள். நடப்பதெல்லாம் அவர் கையில் இருக்கும் புத்தகத்தில் எழுத்தாகிக்கொண்டே இருக்கிறது. அவள் அதை முதலிலிருந்து படிக்கச் சொல்கிறாள். அவர் படிப்பது நாவலின் முதல் வரியிலிருந்தே: பழைய புத்தகக் கடையின் கண்ணாடிக் கதவுப் பெயர்ப்பலகை, உள்ளிருந்து பார்ப்பதால் எழுத்துகள் திரும்பித் தெரிவது, பாஸ்டியன் நுழைவது, திருடுவது, பரண், மறுபடி பேரரசி, மறுபடி கிழவர், மறுபடி பெயர்ப்பலகை. அவன் ‘நிலாக் குழந்தை’ என்று கத்தினால்தான் சுழல் அறும்.

எடுப்பதற்குப் புதுச் செலவு அதிகம் இல்லை. கடைக்கதவு, புத்தகம், பரண், கிழவர் முகம் என்று நான்கு ஷாட் போதும். முதல் சுற்றில் ஒவ்வொன்றுக்கும் ஐந்து விநாடி, அடுத்ததில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு சில பிரேம்கள். ஒலியில் கிழவரின் குரல் மட்டும் வேகம் மாறாமல் ஓட வேண்டும். படம் விரைய, குரல் நிதானமாக இருந்தால் சிக்கிக்கொண்ட உணர்வு வரும். ஒரு நிமிடத்துக்குள் முடியும். படமோ பேரரசியை நேராகக் கேமராவைப் பார்த்துக் கெஞ்ச வைத்தது. பாஸ்டியன் புயலுக்குள் கத்தும் பெயரும் இடியில் கரைந்து பலருக்குக் காதில் விழுவதே இல்லை. அதோடு, இறந்த அம்மாவின் பெயரைத்தான் வைக்கிறான் என்ற குறிப்பையும் படமே சேர்த்தது. நாவலில் அம்மாவுக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை.

ஒளிக்கூடம்:
அம்மாவின் பெயர் சேர்த்ததை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டாம் பாதி இல்லாத படத்துக்கு அவன் துக்கம் எங்காவது ஓரிடத்தில் வந்து சேர்ந்தாக வேண்டும்.

ஏட்டுச்சுவடி:
நாவலில் அது அப்பாவிடம் வந்து சேர்கிறது. ஏறக்குறைய எல்லா நினைவும் போன பிறகு பாஸ்டியன் படச்சுரங்கத்தில் நாள்கணக்கில் தோண்டுகிறான். மறந்துபோன கனவுகளின் மெல்லிய தகடுகள் அங்கே. ஒரு தகட்டில் வெள்ளை மேலங்கி போட்ட ஒருவர், கையில் பற்களின் அச்சு. அவரைச் சுற்றிக் கண்ணாடி போன்ற பனிக்கட்டி. செயற்கைப் பல் செய்யும் அப்பா. யார் என்று அவனுக்குத் தெரியாது. ஆனாலும் ஏக்கம் வந்துவிடுகிறது. எண்டே இந்தப் படத்தை எதிர்த்து வழக்குப் போட்டுத் தோற்றார், தொடக்கப் பெயர்ப்பட்டியலில் அவர் பெயரும் இல்லை. அந்த ஒரு தகட்டைப் படித்தவர்களுக்கு அவர் கோபம் புரியும்.

கதைநேரம்:
அப்படியானால் பிள்ளைகளோடு செய்வதற்கு ஒரு வரிசை: 12 அத்தியாயம் வாசிப்பது, படம் பார்ப்பது, நிறுத்தி ‘இந்த ஆசை சரியா?’ என்று கேட்பது, பிறகு 13இலிருந்து தொடர்வது. படத்தை முதலில் போட்டால் 13க்குப் பிறகு பிள்ளைகள் சலிக்கிறார்கள், கதை முடிந்துவிட்டது என்ற நினைப்பில். அச்சுப்பிரதி வாங்கும்போது இரண்டு மையில் அச்சான பதிப்பாகப் பாருங்கள். மனித உலகம் சிவப்பு, ஃபான்டாசியன் பச்சை. கறுப்பு மைப் பதிப்பில் யார் எந்த உலகத்தில் என்று ஒவ்வொரு பத்தியிலும் குரலை மாற்றிக் காட்ட வேண்டியிருக்கிறது.

பச்சைமை:
அத்தியாயங்கள் A முதல் Z வரை அகர வரிசையில் ஒவ்வோர் எழுத்தில் தொடங்குவதையும் காட்டுங்கள். தமிழில் செய்தால் நம் 12 உயிரெழுத்தும் பாஸ்டியன் உள்ளே நுழையும் வரை சரியாக வரும். 13இல் மெய் தொடங்கும். மொழிக்கு முதலில் வராத மெய்களில்தான் சிக்கல்.

கடைசியாக ஒளிக்கூடத்துக்கு ஒன்று. படத்தில் பாஸ்டியன் கடைக்காரருக்கு ‘திருப்பித் தருகிறேன்’ என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுக்கிறான். நாவலில் திருடுகிறான். திரும்பி வந்து, கடைக்காரர் கொரியாண்டர் முன்னால் நின்று, திருடினேன் என்று சொல்கிறான். அவரோ, அப்படி ஒரு புத்தகம் என்னிடம் இருந்ததே இல்லை என்கிறார். அந்தச் சீட்டை வைத்துவிட்டால் இந்தக் காட்சியை எங்கே வைப்பீர்கள்?

ஒளிக்கூடம்:
வைக்க இடமில்லை. அந்தச் சீட்டு தேவையில்லாத பயம், அதை நானும் வெட்டியிருப்பேன். பாறை தின்னியின் கைகளை மட்டும் தொடாதீர்கள்.